தந்திகளுக்கு அடியில் வெள்ளைப் பொடி

வளைகுடா நகரமான மனாமாவில் ஒரு ஹோட்டலின் பின்வாசல். நான்கு மணி வெயில் கண்ணாடிக் கதவு வழியாக வந்து, மேஜையில் திறந்து கிடக்கும் வயலின் பெட்டிமேல் விழுகிறது. தந்திகளுக்கு அடியில் படிந்திருக்கும் வெள்ளைப் பொடியிலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்கிறார் காவலாளி முனியசாமி. எதிரே, காலையில் இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய எட்வின். நாற்பது வருடமாகத் தன் ஊர்ப்பக்கத்துக் கல்யாணங்களிலும் அறுவடை ஆட்டங்களிலும் வாசித்தவர். கடல் தாண்டி வாசிக்க வந்தது இதுவே முதல்முறை. முனியசாமியின் பேச்சில் போலீஸ் என்ற சொல் மட்டும் அவருக்குப் புரிகிறது. தொப்பியைக் கசக்கிக்கொண்டிருக்கிறார். “அண்ணே, அது ரோசினு. வில்லுல தேய்க்க பிசினு, பொடியா உதிரும்,” என்கிறான் மைக்செட் பார்க்கும் பிரைட். ஊரில் சர்ச் பாடகர் குழுவில் வயலின் வாசித்தவன். “அப்ப வாசிக்கச் சொல்லு, பாப்போம்.” எட்வின் வயலினைத் தாடைக்கடியில் வைக்காமல் நெஞ்சில் சாய்த்துக்கொள்கிறார். இப்படி யாரும் பிடித்து பிரைட் பார்த்ததில்லை. அவனுக்கே சந்தேகம் தட்டுகிறது. வில் தந்தியில் இறங்கியதும் துள்ளலாக ஒரு மெட்டு கிளம்புகிறது. எட்வினின் குதிகால் தரையைத் தட்டுகிறது. காய்கறிப் பெட்டி சுமந்து வந்தவர்கள் அப்படியே நின்றுவிடுகிறார்கள். பிரைட்டுக்கு மூச்சு திரும்புகிறது. “கேட்டியளா? நெசமான வித்துவான்.” “நல்லாத்தான் வாசிக்கிறாரு,” என்கிறார் முனியசாமி. “வாசிக்கத் தெரிஞ்சவன் கடத்த மாட்டானா?” அவர் கை மெல்லப் போனை எடுக்கிறது. அதைப் பார்த்துவிட்ட எட்வின், நிறுத்தினால் போலீஸ் வந்துவிடும் என்பதுபோல் வில்லைத் தூக்காமலே அடுத்த மெட்டுக்குள் போகிறார்.