என் தப்புதாம்மா!

"ஏம்ப்பா, இதுக்குப் பேரா சர்வீஸ்? காலையில வண்டியைக் கொடுக்கறே, சாயந்திரம் எங்க வீட்டு ஷெட் தரையெல்லாம் பச்சைக் கலர்ல தண்ணி! நாளைக்கு என் பொண்ணுக்கு ரேஸ் இருக்குன்னு தெரியுமா, தெரியாதா?"

அம்மா போட்ட சத்தத்தில் ஒர்க்‌ஷாப்பே திரும்பிப் பார்த்தது. ஒர்க்‌ஷாப் என்றால், மெக்கானிக்கும், தன் பைக்கைக் காட்ட வந்திருந்த ஒரு தாடிக்காரனும்தான். மகள் தரையைப் பார்த்தாள்.

அவள் மண் டிராக்கில் பைக் ஓட்டுகிறவள். மேட்டில் ஏறி, அந்தரத்தில் பறந்து, தொப்பென்று இறங்குகிற ரகம். போன வருஷம் அப்படி இறங்கியதில் தோள் எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டோடு கிடந்தாள்.

"அம்மா, கொஞ்சம் மெதுவா பேசேன்."

"நீ சும்மா இரு. நாலு வார்த்தை கேட்டாத்தான் இவங்களுக்கெல்லாம் உறைக்கும்."

மெக்கானிக் குந்தி உட்கார்ந்து, எஞ்சினைச் சுற்றி ஈரமில்லாமல் துடைத்தான். ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த வாயில் மீட்டர் வைத்த ஒரு கைப்பம்பை மாட்டி அழுத்தினான். முள் ஏறியது. ஏறிய வேகத்திலேயே இறங்கவும் ஆரம்பித்தது; எங்கேயோ ஒழுகுகிறது.

"வாட்டர் பம்ப் சீல் போயிருக்கும்" என்றான் தாடிக்காரன், யாரும் கேட்காமலே.

"போயிருந்தா பம்புக்கு அடியில சொட்டும். அங்க காஞ்சு கிடக்கு."

மெக்கானிக் டார்ச்சை அடித்து ஒவ்வோர் இடமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். கீழ் ரப்பர் ஹோஸ் ரேடியேட்டரில் சேருகிற இடத்தில் பச்சையாக ஒரு சொட்டு தொங்கியது. ஹோஸை இறுக்கிப் பிடிக்க வேண்டிய கிளாம்ப், விரல் பட்டதும் வளையல் மாதிரி சுற்றியது. அதன் திருகில் புத்தம்புதுசாக நாலைந்து கீறல். ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பழக்கமில்லாத கை, வழுக்கி வழுக்கிப் போட்ட கீறல்.

மெக்கானிக் தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தான்.

அம்மா வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். மத்தியானம், மகள் மாடியில் தூங்குகிற நேரம் பார்த்து, தையல் மெஷின் டிராயரிலிருந்த ஸ்க்ரூ டிரைவரோடு ஷெட்டுக்குப் போன கை அவளுடையதுதான். தண்ணி ஒழுகிவிட்டால் வண்டி கிளம்பாது. கிளம்பாவிட்டால் ரேஸ் கிடையாது. பழி போட ஒரு மெக்கானிக் இருக்கவே இருக்கிறான்.

இதோ, எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கப் போகிறான்.

"என் தப்புதாம்மா" என்றான் மெக்கானிக். "கிளாம்பை டைட் பண்ண மறந்துட்டேன்."

"மறந்துட்டியா? ஐயா சாமி, ஆளை விடு!" தாடிக்காரன் தன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தான்.

"பரவாயில்லண்ணே, எல்லாரும் மறக்கறதுதான்" என்றாள் மகள்.



மெக்கானிக் புது கிளாம்ப் மாட்டி இறுக்கினான். எஞ்சினைக் குளிர்விக்கும் அந்தப் பச்சை கூலண்டை ஊற்றி மறுபடி பம்பை அழுத்தினான். முள் நின்ற இடத்திலேயே நின்றது. மூடியைத் திறந்து வைத்து, குமிழி அடங்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு மூடினான். மகள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பின்னாலிருந்த காலி மைதானத்தில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கப் போனாள்.

"தம்பி..." அம்மாவுக்கு மரியாதை இப்போதுதான் வந்தது. "உங்களுக்குப் புரிஞ்சுபோச்சு, இல்ல?"

அவன் டூல்ஸை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"தண்ணி இல்லேன்னா வண்டி கிளம்பாதுன்னு நினைச்சேன் தம்பி."

"கிளம்பும்மா. அதான் வம்பே. கொஞ்ச தூரம் நல்லாவே ஓடும். அப்புறம் சூடேறி, எஞ்சின் இறுகி, பின்சக்கரம் சட்டுனு நின்னுடும். மேட்டுலேருந்து இறங்கற நேரமாப் பார்த்து நின்னுச்சுன்னா..."

அம்மா பக்கத்திலிருந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். பெண்ணின் எலும்பைக் காப்பாற்றப் புறப்பட்ட லட்சணம்!

"எனக்காக நீங்க எதுக்குத் தம்பி கெட்ட பேரு வாங்கணும்? வந்த ஆளும் போயிட்டார்."

"வருவான். அவன் வண்டியை வேற எவன் தொடுவான்?"

"இல்ல தம்பி, எனக்கு உடம்பெல்லாம் கூசுது. அவ வரட்டும். நான்தான் கழட்டினேன்னு என் வாயாலயே சொல்லிடறேன்."

"தாராளமா சொல்லுங்கம்மா. ஆனா அவளுக்கு அது புதுசா இருக்காது." மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "நீங்க வண்டியைத் தள்ளிட்டு வர்றதுக்கு முன்னாடியே எனக்கு போன் வந்துடுச்சு. 'அம்மா எதையோ கழட்டினாங்க, மாடியிலேருந்து பார்த்துட்டேன். எதுன்னு பாருங்க. கண்டுபிடிச்சாலும் உங்க தப்புன்னே சொல்லிடுங்கண்ணே. எங்கம்மா யார் முன்னாலயும் தலைகுனிஞ்சு நிக்கக் கூடாது'ன்னு."