பிரிக்காத கவர்

வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரையில் காலை ஏழு மணிக்குப் படகுச் சோதனை நடந்தது. ஃபைபர் படகுக்காரர் நாகநாதன் நான்கு லைஃப் ஜாக்கெட்டுகளை வீட்டிலிருந்து எடுத்துவந்து மணலில் வைத்தார். நான்கும் ஒட்டுப் பிரியாத கவருக்குள் இருந்தன. கடலுக்குக் கொண்டுபோனால் உப்பேறி வீணாகிவிடும், அப்புறம் சோதனைக்கு எதைக் காட்டுவது என்பது அவருடைய நியாயம். போன ஐப்பசியில் அவர் படகில் மீன்பிடிக்கப் போய்க் கடலில் விழுந்த ரஞ்சித்தின் உடல்கூடக் கரை ஒதுங்கவில்லை.

ரஞ்சித்தின் மனைவி சந்திரலேகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

“பிரிங்கண்ணே. புதுசு கெடாம இருக்கான்னு நானும் பாக்குறேன்.”

நாகநாதன் கவர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சோதிக்க வந்த அதிகாரியே கவர்களைக் கத்தியால் கீறினார். மூன்று ஜாக்கெட்டுகள் காய்ந்திருந்தன. நான்காவது கவரிலிருந்து கடல்தண்ணீர் கொட்டியது. அந்த ஜாக்கெட்டின் வார்கள் கொக்கியில் மாட்டப்படாமல் முடிச்சாகக் கட்டப்பட்டிருந்தன.

சந்திரலேகா குனிந்து பார்த்தாள்.

“இடக்கை முடிச்சு. எங்க வீட்டுக்காரரு போடுறது.”

அவள் அதைத் தூக்கி நாகநாதன் மேல் எறிந்தாள்.

“இனிமே நீங்க போட்டுக்கிட்டுப் போங்க.”

அவர் அதை இரண்டு கையாலும் பிடித்தார். உள்பக்கத்தில், நெஞ்சு படுகிற இடம், இன்னும் சூடாக இருந்தது.