இருபத்துநாலு சிரிப்பு

"அந்த மஞ்சள் சட்டையைக் கழட்டு. அது போன வாரம் போட்டது."

"இல்லம்மா, இப்பதான் போட்டேன்."

"போட்டோவுல அது போன வாரம்டி. நீலத்தை எடு."

நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது. ஒரு மாத லீவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் மூளை துருப்பிடித்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்ட வகுப்பு டீச்சர், ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து அனுப்பியிருந்தார். 'விளையாடிக்கொண்டே கற்போம்.' இருபத்துநாலு பக்கம், பக்கத்துக்கு ஒரு வேலை. குழந்தை அதை மகிழ்ச்சியாகச் செய்வதை போட்டோ எடுத்து ஒட்ட வேண்டும். 'மகிழ்ச்சியாக' என்பதற்கு அடியில் இரண்டு கோடு வேறு.

அம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை, அப்பாவுக்கு பஸ் டிப்போவில். "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே நாலு ஞாயிற்றுக்கிழமையைத் தூங்கித் தீர்த்திருந்தார்கள். இது ஐந்தாவது.

காலையிலிருந்து ஏழு சட்டை மாற்றியாகிவிட்டது. முதல் சட்டையின் அவசரத்திலேயே கட்டிலில் இடித்துக்கொண்ட முழங்காலுக்கு ஒரு பிளாஸ்திரியும் போட்டாகிவிட்டது. அப்பா செல்போனும் கையுமாக நின்றார்.

"அடுத்தது என்ன?"

"எட்டாம் பக்கம். விதை போட்டு, எட்டு நாள் தண்ணி ஊத்தி, முளைக்கறதைப் பாத்து மகிழணும்."

மகள் ஓடிப்போய் பென்சில் டப்பாவைத் திறந்தாள். அழிரப்பருக்கு அடியில் நாலு பீன்ஸ் விதைகள் இருந்தன.

"இதைத்தாம்மா மொத நாள்லேருந்து கேக்கறேன். தொட்டி மட்டும் குடும்மா."

"இப்பப் போட்டு எப்ப முளைக்கும்? நாளைக்கு டீச்சர்கிட்ட மண்ணையா காட்டுவே? மாடி வீட்டு அத்தைகிட்ட செடி கேட்டு வாங்கி வெச்சிருக்கேன். பிடி."

அவள் தொட்டியை வாங்கிக்கொண்டாள்.

"சிரி. விதை முளைச்சதைப் பாத்து அசந்துபோன மாதிரி சிரி."

"நான் போட்ட விதை இல்லையே."

"கேமராவுக்கு அது தெரியாது" என்றார் அப்பா.

வாயைத் திறந்து காட்டினாள். பல்வலிக்காரி மாதிரிதான் இருந்தது. பரவாயில்லை என்று அப்பா எடுத்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் இருபத்துநாலு சிரிப்பும் முடிந்தது. ராத்திரிக்குள் பிரிண்ட் போட்டு ஒட்டியும் ஆகிவிட்டது. தொட்டி மாடிக்குத் திரும்பிப் போனது. விதைகள் பென்சில் டப்பாவுக்கே திரும்பிப் போயின.

மறுநாள் டீச்சர் அவள் புத்தகத்தை வகுப்பு முழுக்கக் காட்டினார்.

"லீவுன்னா இப்படி இருக்கணும். எல்லாரும் கை தட்டுங்க."

மதிய மணி அடித்ததும் அவளை மட்டும் நிற்கச் சொன்னார்.

"முழங்கால்ல என்ன?"

"பிளாஸ்திரி மிஸ்."

"முழங்கால் தெரியற படத்துல எல்லாம் இதே பிளாஸ்திரி, இதே இடத்துல இருக்கு. ஒரு மாசமாவா ஆறலை?"

அவளுக்கு உதடு கோணிக்கொண்டது. கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அம்மா சொல்லித் தந்திருந்தாள். அது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"எல்லாம் நேத்து ஒரே நாள்ல எடுத்தது மிஸ். அம்மாவைக் கூப்பிட்டுத் திட்டாதீங்க."

டீச்சர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். நாற்காலியை அவள் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் தணிந்துவிட்டது.

"அழாதே. நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்லை. அந்த எட்டாம் பக்கத்துச் செடி, அது வீட்ல இருக்கா?"

"ஏன் மிஸ்?"

"நாளைக்கு ஒரு நாள் எடுத்துட்டு வாயேன். என் பொண்ணு ஸ்கூல் புதன்கிழமைதான் திறக்குது. அவங்களும் இதே மாதிரி ஒரு புத்தகத்தைக் குடுத்துத் தொலைச்சிருக்காங்க."

"அது மாடி வீட்டு அத்தையோடது மிஸ். திருப்பிக் குடுத்துட்டோம்."

டீச்சர் முகம் வாடியதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பென்சில் டப்பாவைத் திறந்தாள். நாலு விதையையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இது இருக்கு மிஸ். உங்க பொண்ணுக்குக் குடுங்க. நிஜமாவே முளைக்கும்."

டீச்சர் அவள் விரல்களை மெல்ல மடக்கிவிட்டார்.

"விதை எதுக்கும்மா? எட்டு நாள் உக்காந்து அதை யாரு பாத்துட்டிருக்கறது?"