முறைக்கிற பூசணி

புது வீட்டு வாசலில் தொங்கிய திருஷ்டிப் பூசணிக்கு உருட்டிய கண், இரண்டு ஓரமும் கீழே வளைந்த வாய். தெருநாய்கூட அதைக் கண்டால் ஒதுங்கிப் போகும். பூசணிக்கு அதில் பெருமைதான். ஆனாலும் பேச்சுத் துணைக்கு ஆளில்லையே என்று உள்ளுக்குள் ஒரு குறை.

ஒரு சாயங்காலம் குட்டி வௌவால் ஒன்று வந்து பக்கத்துக் கம்பியில் தலைகீழாகத் தொங்கியது.

"ஓடிப் போயிடு. நான் ரொம்பப் பொல்லாதவன்" என்று உறுமியது பூசணி.

"பொல்லாதவரா இப்படி வாய் நிறையச் சிரிப்பாரு?" என்றது வௌவால். "என்னைப் பார்த்தாலே எல்லாரும் விரட்டுறாங்க. சிரிக்கிற ஒரே ஆள் நீங்கதான் அண்ணே."

பூசணி திகைத்துப்போய், வௌவால் தொங்கும் விதத்தைக் கவனித்தது. விஷயம் புரிந்தது.

"நாளைக்கும் வா" என்றது மெதுவாக. "ஆனா நிமிர்ந்து மட்டும் உட்கார்ந்துடாதே."