சங்கிலிக்கு அப்பால்

வாஷிங்டனில் பட்ஜெட் நிறைவேறாததால் அரசு அலுவலகங்கள் மூடிக் கிடக்கின்றன. இந்தத் தேசியப் பூங்காவின் வாசல் மட்டும் திறந்தே இருக்கிறது. காலை வெயிலில் பள்ளத்தாக்கு செக்கச்செவேலென்று எரிகிறது. நிரம்பி வழியும் குப்பைத்தொட்டிமேல் ஓர் அண்டங்காக்கை காகிதக் கோப்பையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வேலைக்கு வரக்கூடாதென்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பூங்காக் காவலர் டார்லா, கணவனின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வெறும் பார்வையாளராக நிற்கிறாள். செல்ஃபிக்காக ஒருவர் பள்ளத்தாக்கின் விளிம்பில் கட்டிய தடுப்புச் சங்கிலியைத் தாண்டுகிறார். "சார், இந்தப் பக்கம் வந்துடுங்க," என்கிறாள். "நீங்க யாரு அதைச் சொல்ல? இன்னிக்குத்தான் கேக்க ஆளே இல்லையே!" "ஆமாங்க. விழுந்தா தூக்கவும் ஆள் இல்ல." அவர் காலடியிலிருந்து ஒரு கல் உருண்டு போகிறது. விழுந்த சத்தம் வரவே இல்லை. அவர் மெல்லச் சங்கிலியைத் தாண்டித் திரும்பி வருகிறார். நன்றி சொல்ல டார்லாவின் கை, வழக்கம்போல் சீருடைத் தொப்பியின் விளிம்பைத் தொடப் போகிறது. காற்றில் பறக்கும் தலைமயிர்தான் அகப்படுகிறது.