கூரை முட்டிய சிலம்பாயி

பழைய எகிப்தில் யார் பெரிய ஆளோ அவரைத்தான் பெரிதாக வரைவார்கள், மற்றவர்கள் அவர் முழங்கால் உயரம்தான் என்று பாடம் நடத்திய ஓவிய ஆசிரியர், அதே முறையில் நம் பள்ளியை வரையுங்கள் என்று சாப்பாட்டுக்கூடத்துச் சுவரை ஆறாம் வகுப்பிடம் விட்டார். பிள்ளைகள் சத்துணவு சமைக்கும் சிலம்பாயியைக் கரண்டியோடு கூரை முட்ட வரைந்தார்கள். அவள் முழங்காலருகே மீசையோடு தலைமையாசிரியர்.

"இது யாரு, நானா?" என்றார் பார்க்க வந்த தலைமையாசிரியர்.

"ஆமா சார். மீசை சரியா வந்திருக்கா?" என்றாள் வரைந்தவர்களில் ஒருத்தியான நஸ்ரின்.

சுண்ணாம்பு வாளியையும் வெள்ளையடிக்கும் மட்டையையும் அவர் சிலம்பாயியிடமே கொடுத்தார். "மணி அடிக்கிறதுக்குள்ள அழிக்கணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

ஐம்பது வயதுவரை அவளை யாரும் வரைந்ததில்லை. ரேஷன் கார்டில்கூட அவள் முகம் பாதிதான் விழுந்திருந்தது. பிள்ளைகள் தட்டோடு பார்த்துக்கொண்டிருக்க, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மட்டையைத் தோய்த்து அடித்தாள்.

மணி அடித்ததும் அவர் வந்தார். சுவரில் மீசையும் இல்லை, அவரும் இல்லை. வெள்ளைக்கு மேலே, இடுப்பிலிருந்து கூரைவரை, கரண்டியோடு அவள் மட்டும் நின்றாள்.

"என்ன இது?"

"எட்டினவரைக்கும் அடிச்சுட்டேன் சார்," என்று மட்டையை அவரிடம் நீட்டினாள் சிலம்பாயி. "மேல உங்களுக்கு எட்டுதான்னு பாருங்க."