முத்திரை இருந்த இடம்

நடுவர் மட்டையில் இருந்த குங்குமத்தைக் கட்டைவிரலால் துடைத்தார்.

அடியில் ஒன்றுமே இல்லை. வெறும் பளபளப்பு.

கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்ற ஆதிரையின் அம்மா எட்டிப் பார்த்தாள்.

பிள்ளைகள் ஆடும் பேஸ்பாலில் மட்டைக்கு முத்திரை உண்டாம். சோதித்துப் பார்த்து, சங்கம் குத்துகிற முத்திரை. இல்லாத மட்டை பந்தை எகிற விட்டுவிடும், எதிரே நிற்கிற பிள்ளையின் பல் போகும். அதனால் முத்திரை தெரியாவிட்டால் மட்டை வெளியே.

நல்ல சட்டம்தான். நேற்றே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

நேற்று ஆயுத பூஜை. மிக்சி, லேப்டாப், கார் சாவி, மகளின் மட்டை. சாமிக்கு முன்னால் அழுக்கோடு வைக்கலாமா? கம்பி நார் போட்டுத் தேய்த்தாள். ஓரிடத்தில் கறுப்பாக என்னமோ ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. அதையும் விடவில்லை. தேய்ந்த இடத்தில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தாள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

"இதைச் சுரண்டினது யார்?" என்று நடுவர் இங்கிலீஷில் கேட்டார்.

பையன்கள் அத்தனை பேரும் மகள் பக்கம் திரும்பினார்கள். அணியில் ஆதிரை ஒருத்திதான் பெண். வீட்டில் வைத்துவிட்ட பொட்டைக் கார் கண்ணாடியைப் பார்த்து அழித்துவிட்டு இறங்குகிற பெண்.

போச்சு. இனிமேல் அம்மாவை இந்தப் பக்கமே வரவிட மாட்டாள்.

ஆதிரை நிமிர்ந்து நின்றாள். அவளும் இங்கிலீஷில்தான் சொன்னாள். குரல் தாழவில்லை.

"எங்க அம்மா. எங்க வீட்டுல சாமிகிட்ட பேட்டை வெச்சுக் கும்பிடுவோம்."

நடுவர் தலையாட்டினார். ஆனாலும் மட்டையை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டார். சட்டம் சட்டம்தானே. பயிற்சியாளர் அணியின் பொது மட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

அதைத் தூக்கிக்கொண்டு நேராக வலைக்கு வந்தாள் மகள்.

"தெரியாமப் பண்ணிட்டேன்டி கண்ணு..."

"அதை விடும்மா. குங்குமம் வெச்சிருக்கியா?"

கைப்பையில் கோயில் பொட்டலம் இல்லாமல் அவள் வெளியே கிளம்பியதே கிடையாது.

"ஐயோ, இந்த பேட்டுக்கும் வேணாம்டி!"

ஆதிரை ஹெல்மெட்டைக் கழற்றினாள். நெற்றியை வலையோடு ஒட்டிக் கொடுத்தாள்.

"இங்க வை. இதுக்கு ரூல் இல்ல."

அம்மா வலைக் கண்ணுக்குள் விரலை நுழைத்தாள். பொட்டு கோணலாக விழுந்தது. நெஞ்சு கொள்ளாத பெருமை அவளுக்கு.

மகள் ஹெல்மெட்டை மாட்டினாள். பிறகு பொட்டு தெரிய அதை நெற்றிக்கு மேலே கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டு ஆடப் போனாள்.